மாசு மறுவற்ற பொய்

மாசு மறுவற்ற அழகு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. உண்டு என்று சொல்லுகிறவன் வியாபாரி. அதை நம்புகிறவன் அவனுடைய வாடிக்கைக்காரன். இவ்விருவருக்கும் நடுவில் இப்போது மூன்றாவது ஆசாமி ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். அவன் கையில் காமிரா இருக்கிறது. இந்த மூன்றாமவனோடுதான் எனக்குச் சண்டை.

அவன் செய்கிற தொழில் புதியதல்ல. பொட்டு அளவே உள்ள ஒரு பொருளை, அதன் உண்மையான அளவிலேயோ அதைவிடப் பெரிதாகவோ காமிராவுக்குள் பதியும்படி மிக நெருங்கி நின்று எடுக்கிற படத்துக்கு ‘மாக்ரோ’ படம் என்று பெயர். காமிராவுக்குள்ளே உள்ளபடி பதிந்தது, சுவரில் மாட்டும்போது கதவளவு வளர்ந்துவிடும். கடுகளவுக் கல் ஒரு கோயில் மண்டபமாகும். மல்லிகை மொட்டு ஒரு கோபுரமாகும். இந்தப் படக்காரர்களுக்கு இரண்டு பொருள்களின் மேல் தீராத மோகம். ஒன்று, பட்டை தீட்டிய ரத்தினம். மற்றொன்று, பூ. இரண்டும் வாய் திறந்து பேசுவதில்லை. இரண்டும் கூலி கேட்பதில்லை. இரண்டையும் பிடிக்காதவர்கள் யாருமில்லை. நகைக் கடைச் சுவரிலும், காலண்டரிலும், கைப்பேசித் திரையிலும் இவை பூதாகாரமாக நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஒரு தூசி உண்டா? ஒரு கீறல் உண்டா? ஓர் இதழின் ஓரத்தில் கொஞ்சம் வாட்டம் உண்டா? இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிறக்கிறது.

பெரிதாக்கிப் பார்ப்பதையே எதிர்க்கும் கட்சி ஒன்று உண்டு. அந்தக் கட்சியில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “பூவை எட்ட நின்று ரசிக்க வேண்டும், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் ரசனை செத்துப்போகும்” என்று அவர்கள் சொல்லுவார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரே ஒரு பெயர்: மூக்குத்திப் பூ.

பாதை ஓரத்திலும், கிணற்றடியிலும், ரயில் தண்டவாளத்துச் சரளைக் கற்களுக்கு நடுவிலும் நீண்ட காம்பின் நுனியில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்குமே, அந்தப் பூதான். வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்லுவார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் ஊர்ப் பிரஜையாகிவிட்ட களை. அதைக் காசு கொடுத்து யாரும் வாங்குவதில்லை, சாமிக்கும் வைப்பதில்லை. ஒரு நல்ல லென்ஸின் வழியாக அதைப் பாருங்கள். நீங்கள் ஒரு பூ என்று நினைத்தது ஒரு பூவே அல்ல, ஓர் ஊர். ஓரத்தில் வெளுத்துத் தெரியும் ஒவ்வோர் இதழும் ஒரு தனிப் பூ. அதன் நுனி மூன்று பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். நடுவில் மஞ்சளாகக் குவிந்து கிடப்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு குழல். குழலின் வாயில் ஐந்து மடல். எல்லாம் ஒரே சமயத்தில் மலர்வதும் இல்லை. வெளிவட்டத்தில் உள்ளவை முதலில் கண் திறக்கும். உள்ளே இருப்பவை வரிசையில் காத்திருக்கும். மூத்தது வாடத் தொடங்கும்போது இளையது மொட்டாகவே இருக்கும். அரை விரல் அகலத்துக்குள் பிறப்பும் மூப்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன!

இதைப் பார்த்தவனுக்கு ரசனை சாகுமா? நேற்று வரை காலால் மிதித்துக்கொண்டு போனவன் இன்று சற்று விலகி நடப்பான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினாரே, அது எட்ட நின்று ரசித்தவன் செய்கிற காரியமா? ஒவ்வொன்றின் கிட்டத்திலும் போய்க் குனிந்தவனுக்குத்தான் அத்தனை பெயர்களும் வாயில் வரும்.

ஜெர்மனியில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்று ஒரு மனிதர் இருந்தார். 1865-ல் பிறந்தவர், பெர்லினில் கைவினைக் கலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். மாணவர்களுக்குச் சித்திர வேலைப்பாடு கற்றுக்கொடுப்பதற்காகச் செடிகளைப் படமெடுக்கத் தொடங்கி, முப்பது வருஷங்களுக்கு மேல் அதையே செய்துகொண்டிருந்தார். ரோஜாவையும் லில்லியையும் அவர் தேடிப் போகவில்லை. பெரணியின் சுருள், பூசணிக் கொடியின் பற்று, வயலோரத்துக் களை: இவைதாம் அவருக்கு அகப்பட்ட கதாநாயகர்கள். பின்னால் ஒரு வெறும் அட்டை, கலப்பில்லாத வெளிச்சம், அவ்வளவுதான். 1928-ல், அவருக்கு அறுபதுக்கு மேல் ஆன பிறகு, 120 படங்களோடு அவர் புத்தகம் வந்தது. அதற்கு அவர் இட்ட பெயருக்கு ‘கலையின் ஆதி வடிவங்கள்’ என்று பொருள். இரும்புக் கதவின் வளைவையும், தேவாலயத் தூணின் தலைப்பையும் மனிதன் கற்பனை செய்வதற்கு வெகு காலம் முன்பே, செடி அவற்றைச் செய்துவைத்துவிட்டது என்று அந்தப் படங்கள் ஆரவாரமில்லாமல் சொல்லின. பெரிதாக்கிப் பார்ப்பதன் பயன் இதுதான். நாம் அற்பம் என்று ஒதுக்கியதை அது நமக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவைக்கிறது.

ரத்தினத்தின் கதை இதைவிடச் சுவையானது.

நம் வீடுகளில் கல் வாங்குகிற சடங்கை நினைத்துப் பாருங்கள். வைரத் தோடு வாங்க வேண்டுமானால் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் படுத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தால் கல்லுக்குத் தோஷம். மாமியாருக்கு ஜலதோஷம் பிடித்தாலும் கல்லுக்குத்தான் தோஷம். ‘உள்ளே புள்ளி இருக்கிறது’ என்று பத்தர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்தக் கல் அந்த வீட்டுப் படி ஏறாது. தோஷம் இல்லாத கல் வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லாத கல் வேண்டும்.

உள்ளே ஒன்றுமே இல்லாத கல் எங்கே இருக்கிறது? வைரத் தரம் பிரிக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் அகராதியில் ‘குற்றமற்றது’ என்ற வார்த்தைக்குப் பொருள், தேர்ந்த கண் ஒன்று 10 மடங்கு பெருக்கிப் பார்த்தபோது அதில் எதுவும் தென்படவில்லை என்பதே. அவ்வளவுதான்! இருபது மடங்கில் என்ன தெரியும், ஐம்பது மடங்கில் என்ன தெரியும் என்று அந்தச் சான்றிதழ் பேசாது. குற்றமற்ற தன்மை என்பது கல்லின் குணம் அல்ல. இதற்கு மேல் உற்றுப் பார்ப்பதில்லை என்று மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். வியாபாரத்துக்கு அந்த ஒப்பந்தம் அவசியமாக இருக்கலாம். ரசனைக்கும் அதுவே சட்டமாக வேண்டுமா?

இந்த ஒப்பந்தத்தைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்த ஒருவரைச் சொல்லுகிறேன். ஸ்விட்ஸர்லாந்தில் லூசெர்ன் நகரத்து எடுவார்ட் கூபெலின். 1913-ல் பிறந்து 2005-ல் மறைந்தவர். நகை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், வியாபாரிகள் எதை மறைக்க ஆசைப்பட்டார்களோ அதையே வாழ்நாள் முழுவதும் படமெடுத்தார். ரத்தினங்களுக்கு உள்ளே சிக்கிக் கிடக்கும் பொருள்கள், குமிழிகள், பிளவுகள், ஊசிகள் எல்லாவற்றையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பெருக்கிக் காட்டினார். ‘ரத்தினங்களின் அகவுலகம்’ என்ற பொருளில் தலைப்பிட்ட அவர் நூல் 1974-ல் வந்தது. பிறகு 1986-ல், ஜான் கொய்வுலா என்ற அமெரிக்கரோடு சேர்ந்து, இந்த உட்பொருள்களுக்கென்றே ஒரு படத் தொகுதியும் வெளியிட்டார்.

அந்த அகவுலகத்தில் என்னதான் இருக்கிறது? மரகதத்துக்குள் பிளவுகளும் நீர்த்துளிகளும் கொடி போலவும் பாசி போலவும் படர்ந்து கிடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் ‘தோட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். கொலம்பியா தேசத்து மரகதத்தில் ஒரு சிறு குழி இருக்கும். குழியில் ஒரு துளி உப்புநீர். நீரில் ஒரு வாயுக் குமிழி. அதோடு சதுரமாக ஓர் உப்புக் கல்லும் இருக்கும். கல் உருவானபோது பூமிக்குள் ஓடிய நீரை அது கோடிக்கணக்கான வருஷங்களாக மூடிவைத்திருக்கிறது. பெரிடாட் என்னும் இளம்பச்சைக் கல்லுக்குள் குளத்தில் மிதக்கும் அல்லி இலை போன்ற வட்டங்கள் தெரியும். நடுவில் ஒரு கருந்துகள், அதைச் சுற்றிக் கல் தாங்க முடியாமல் விரிந்த வட்டப் பிளவு. அந்தக் கல்லின் வேதனைதான் நமக்கு அல்லிக் குளமாகத் தெரிகிறது. பூவும் ரத்தினமும் தேடி அலைகிற படக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ரத்தினத்துக்குள்ளேயே பூந்தோட்டம் இருக்கிறதே!

இன்னும் கேளுங்கள். மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் உள்ளே மயிரிழையினும் மெல்லிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தொழில் தெரிந்தவர்கள் அதைப் ‘பட்டு’ என்பார்கள். அந்தப் பட்டு அடர்த்தியாக இருக்கும் கல்லைப் பட்டை தீட்டாமல் குமிழாக இழைத்தால், உச்சியில் ஆறு கதிர்களோடு ஒரு நட்சத்திரம் வந்து உட்காரும். நட்சத்திர நீலம் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லுகிறார்களே, அது கல்லின் குற்றம் போட்ட கோலம். நம் நவரத்தினத்தில் வைடூரியம் இருக்கிறது. பூனைக் கண்ணைப் போல ஓர் ஒளிக்கோடு அதில் ஓடும். உள்ளே ஒரே திசையில் நெருக்கமாகக் கிடக்கும் இழைகள்தாம் அந்தக் கோட்டுக்குக் காரணம். அந்த இழைகளை எடுத்துவிட்டால் வைடூரியம் இல்லை. நவரத்தினமும் எட்டு ரத்தினமாகிவிடும். தோஷத்துக்குப் பயந்து தலையணைக்கடியில் கல்லை வைத்துப் பார்க்கிற குடும்பம், தோஷத்தாலேயே ஆன ஒரு கல்லைத் தங்கத்தில் கட்டி விரலில் போட்டுக்கொள்கிறது.

இத்தோடு முடியவில்லை. 1902-ல் ஒகுஸ்த் வெர்னேயில் என்ற பிரெஞ்சு ரசாயனி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்ஸைடுத் தூளை அனல் நாக்கின் வழியே சொட்டவைத்து, உருகி விழுந்ததை ஒரு கட்டியாக வளர்ப்பது. நிறத்திலும் கடினத்திலும் அது மாணிக்கமேதான். பூமியில் விளைந்ததையும் அடுப்பில் விளைந்ததையும் எப்படிப் பிரித்து அறிவது? உள்ளே பார்த்துத்தான். அடுப்பில் விளைந்ததில் கிராமபோன் தட்டின் ரேகைகளைப் போல வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் இருக்கும். பூமியில் விளைந்ததில் பட்டு இருக்கும். வேறு தாதுக்களின் துகள் இருக்கும். மாணிக்கம் மிகமிகச் சுத்தமாக இருந்தால் பரிசோதகருக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. குற்றம்தான் கல்லின் பிறப்புச் சான்றிதழ்.

ஆனால் அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போடவும் மனிதன் வழி கண்டுபிடித்திருக்கிறான். 1,000 டிகிரி சென்டிகிரேடுக்கு வெகு மேலே சூடேற்றினால் பட்டு கரைந்துபோகும், கல் தெளியும். மரகதத்தின் பிளவுகளில் எண்ணெயை ஊட்டி மறைப்பது தலைமுறை தலைமுறையாக நடப்பது. நேர்மையான வியாபாரி இதையெல்லாம் சொல்லி விற்கிறான். மற்றவன் சொல்லாமல் விற்கிறான். தொழிலில் ஏமாற்று இருப்பது எனக்கு ஆச்சரியமில்லை. அந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் ஆயுதமாக வந்த லென்ஸே இன்று ஏமாற்றுக்காரன் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இந்தப் படங்களை எடுத்துப் பிழைக்கிறார். கெட்டிக்காரர், கபடம் இல்லாதவர். எப்படி எடுக்கிறார் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

“பட்டை தீட்டின கல் கண்ணாடி மாதிரி சார். காமிராவும் தெரியும், என் மூக்கும் தெரியும். சுற்றிலும் வெள்ளைத் துணியால் கூடாரம் போட்டு அதற்குள்ளேதான் வைத்து எடுக்க வேண்டும். அப்புறம் தூசி. எத்தனை துடைத்தாலும் படத்தில் பாறாங்கல்லாகத் தெரியும். அதைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவேன்.”

“தூசி வெளியிலிருந்து வந்தது, எடுத்துவிடுங்கள். கல்லுக்கு உள்ளே இருக்கிறதை?”

“அதையும்தான். கடைக்காரர் கேட்பாரே!”

“பூவுக்கு?”

“பனித்துளிக்குக் கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளிப்போம் சார். சீக்கிரம் காயாது. இதழ் ஓரம் பழுப்பாக இருந்தால் அதை மாற்றிவிடலாம். சில பேர் வண்டையோ தும்பியையோ கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்து, அது விறைத்துக் கிடக்கும்போது பூவின் மேல் உட்காரவைத்து எடுப்பார்கள். நான் அதைச் செய்வதில்லை.”

அவர் செய்யாததற்கு நன்றி சொன்னேன். தேன் குடிக்க வந்தாற்போல் பூவின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வண்டு, நடுங்கக்கூடத் திராணி இல்லாமல் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாம் ‘இயற்கையின் அற்புதம்’ என்று உருகுகிறோம்!

அந்த இளைஞருக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் தொழிலில் உண்மையான கஷ்டம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நெருங்கிப் போகும்போது தெளிவாக விழுகிற ஆழம் மிகவும் சொற்பம். பொருளின் உண்மை அளவில் எடுத்தால் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் அளவுதான் தெளிவு. ஐந்து மடங்கு பெருக்கினால் அதிலும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. பூவின் சூல்முடி தெளிந்தால் இதழ் மங்கும். இதழ் தெளிந்தால் சூல்முடி புகையாகும். அதனால் காமிராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பத்து, ஐம்பது, சில சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். எந்தக் கண்ணும் ஒரே நொடியில் காணாத காட்சி அது. ஆனாலும் அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணும் ஒரு பூவைத் தாவித் தாவித்தான் பார்க்கிறது. மனசு அவற்றைச் சேர்த்து ஒரு பூவாக்குகிறது. உள்ளதைச் சேர்ப்பது வேறு. உள்ளதை அழிப்பது வேறு. சேர்ப்பவன் தொகுப்பாசிரியன். அழிப்பவன் சாட்சியைக் கலைக்கிறவன்.

“அழகுக்காக எடுக்கிற படத்தைக் கோர்ட்டுக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்குகிறீர்களே! நீங்கள் எழுதுகிற கதை மட்டும் நிஜமா?” என்று அந்த இளைஞர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிலும் பலர் அதையே கேட்பீர்கள்.

கதை நிஜம் என்று எந்தக் கதாசிரியனும் சொல்லிக்கொள்வதில்லை. ‘இது கதை’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டுதான் அது உங்கள் வீட்டுக்குள் வருகிறது. புகைப்படம் அப்படி வருவதில்லை. ‘நான் பார்த்தேன்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு வார்த்தையின் பலத்தால்தான் ஓவியத்தை நம்பாதவன்கூட அதை நம்புகிறான். அந்த நம்பிக்கையை மூலதனமாக வைத்து நடத்துகிற தொழிலில் உண்மையைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்லுகிறேன்; கோபித்துக்கொள்ளாதீர்கள். கதையிலும் இந்த நோய் உண்டு, அதை வளர்த்ததில் வாசகர்களுக்கும் பங்கு உண்டு. கோபம் வராத கதாநாயகி, பொறாமை அறியாத கதாநாயகி, அடுப்படியில் நின்றாலும் வியர்க்காத கதாநாயகி! அவள் கொஞ்சம் சலித்துக்கொண்டால், ‘அவளை இப்படிக் காட்டலாமா?’ என்று கடிதம் வருகிறது. புத்தகத்தை மூடினதும் அவள் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. பட்டு இல்லாத மாணிக்கம் அவள், அடுப்பில் விளைந்தவள். உங்கள் நினைவில் பத்து வருஷமாகக் குடியிருக்கும் பாத்திரம் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவளிடம் ஒரு கீறல் இருக்கும். அந்தக் கீறலில்தான் உங்கள் விரல் பட்டு நின்றிருக்கும்.

கதையோடு போனாலும் பரவாயில்லை. கல்லுக்குச் சொன்ன அதே ‘தோஷம்’ என்ற வார்த்தையை நாம் பெண்ணுக்கும் சொல்லுகிறோம். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலவே பெண் பார்க்கிறோம். இப்போது கைப்பேசியே முகத்திலிருக்கும் மருவையும் பருவையும் கேட்காமலே மழித்துவிட்டுப் படமெடுக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, நேரில் வந்து நிற்கும் பெண்ணை எந்தக் கண்ணால் பார்ப்பான்? அதைவிடக் கொடுமை, அந்தப் பெண் கண்ணாடியில் தன்னையே எந்தக் கண்ணால் பார்ப்பாள்? காலண்டர் ரோஜாவில் ஆரம்பிக்கிற பொய் காலண்டரோடு நிற்பதில்லை. வாடாத இதழையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு உயிருள்ள எதுவும் இரண்டாம் தரமாகத்தான் தெரியும்.

நம் முன்னோர் இதில் நம்மைவிட நேர்மையானவர்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையின் ரத்தினக் கடைத் தெருவைச் சுற்றிப் பார்க்கும் இடத்தில், வைரத்துக்கு வரக்கூடிய குற்றங்களை இளங்கோ பெயர் சொல்லியே எழுதுகிறார்: காக்கைக் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு. அவரும் குற்றம் நீங்கிய கல்லைத்தான் உயர்த்துகிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குற்றம் என்று ஒன்று உண்டு, அதற்கு இன்ன வடிவம், இன்ன பெயர் என்று வாசகனுக்குச் சொல்லிவிட்டு உயர்த்துகிறார். குற்றத்துக்குப் பெயர் வைத்தவன் அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவன். நம் படக்காரர்கள் குற்றத்தை மட்டுமல்ல, அதன் பெயரையும் சேர்த்து அழிக்கிறார்கள்.

இவ்வளவும் கல்லைப் பற்றிய பேச்சு. கல்லைத் தேய்த்த கையைப் பற்றியும் பேச வேண்டும்.

பட்டை தீட்டிய கல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பட்டை தானாக வருவதில்லை. நம் நாட்டுச் சாணை, குருந்தக் கல்லின் தூளை அரக்கோடு சேர்த்துச் செய்தது. மாணிக்கமும் நீலமும் அதே குருந்தத்தின் சாதிதான். ஆங்கிலத்தில் அந்தச் சாதிக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் சொல்லிலிருந்து போனதாக அறிஞர்கள் சொல்லுகிறார்கள். ஆக, ரத்தினத்தை ரத்தினத்தின் ஏழைச் சகோதரன் தேய்த்துப் பளபளப்பாக்குகிறான். மனிதர்களுக்குள்ளும் கதை அதுதான்.

குஜராத்தில் காம்பே வளைகுடாவின் தலைமாட்டில் கம்பாத் என்ற ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அகேட் கல்லுக்கும் சூதுபவளத்துக்கும் பேர்போன இடம். ரத்தன்பூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து கல் வரும். அதைச் சுட்டால், உள்ளே இருக்கும் இரும்புச் சத்து சிவந்து சூதுபவளமாகும். சிந்துவெளி மக்களே இந்த வித்தை அறிந்தவர்கள். அவர்கள் செய்த நீளச் சூதுபவள மணிகள் மெஸப்பொட்டேமியாவில் ஊர் நகரத்து ராஜ கல்லறைகள் வரைக்கும் போயிருக்கின்றன. மாக்ரோ படக்காரர்களுக்கு அகேட் என்றால் உயிர். மெல்லியதாக அறுத்து, மெருகேற்றி, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால், வளையத்துக்குள் வளையமாக அந்தி வானமும் அலைகடலும் அதில் தெரியும்.

அந்த மெருகு எப்படி வருகிறது? ஒருவர் சுழலும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து கல்லை அழுத்திப் பிடிக்கிறார். பெரும்பாலும் வீட்டிலேயே, அல்லது வீட்டோடு ஒட்டிய கொட்டகையில். கூலி உருப்படிக் கணக்கு. அகேட் முழுக்க முழுக்கச் சிலிகா. தேயத் தேயப் பறக்கும் தூசியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள் மூக்கில் நிற்காமல், தொண்டையில் நிற்காமல் நுரையீரலின் அடிக்குப் போய் உட்காருகின்றன. போனது திரும்புவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. சிலிகோஸிஸ் என்று அதற்குப் பெயர். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பின்னாலேயே காச நோயும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. சக்கரத்தின் முன்னால் உட்காராத மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும்கூட அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள். ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்வழி உடல்நல நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 1980-களிலேயே இந்த மக்களைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். இது ரகசியமல்ல. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி குறையும்; தூசியை உறிஞ்சும் விசிறி வைத்தால் இன்னும் குறையும். வழி தெரியாமல் இல்லை. செலவு யாருடையது என்பதில்தான் வழக்கு.

கல்லுக்குள் இருக்கும் ஊசியையும் நீர்த்துளியையும் ஒரு மில்லிமீட்டரின் பின்னத்தில் காட்டுகிற லென்ஸுக்கு, அந்தக் கல்லின் மேற்பரப்பு ஏன் இப்படிப் பளபளக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கல்லில் இருந்து போனது எங்கே போயிற்று? அது ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இருக்கிறது. கல்லின் உள்ளே இருக்கும் மாசை மறைக்கிற அதே ரசனைதான் இதையும் மறைக்கிறது. மாசு வேண்டாம் என்கிறவனுக்கு மாசு எங்கே போய்ச் சேர்ந்தால் என்ன? தன் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

‘அழகான ஒன்றைப் பார்க்கும்போதுகூட நிம்மதியாகப் பார்க்க விடமாட்டீர்களா?’ என்று சிலர் அலுத்துக்கொள்வீர்கள். விடத்தான் ஆசை. ஆனால் நான் பறிக்கப் பார்ப்பது உங்கள் நிம்மதியை அல்ல. உங்கள் கண்ணைக் கட்டியிருக்கும் துணியை. தோட்டத்தோடு கூடிய மரகதம், தோட்டத்தை அழித்த மரகதத்தைவிடப் பார்க்கத் தகுந்தது. ஓரம் பழுத்த செம்பருத்தி, கிளிசரின் பூசிய செம்பருத்தியைவிட உயிருள்ளது. தேய்த்தவரின் பெயரோடு கூடிய கல், பெயரில்லாத கல்லைவிட மதிப்புள்ளது.

படக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். எத்தனை படங்களைச் சேர்த்தீர்கள், எதை எடுத்தீர்கள் என்று முதல் வரி. கல்லானால், எந்த மண்ணில் பிறந்தது, எந்த ஊரில் யார் பட்டை தீட்டினார் என்று இரண்டாவது வரி. பூவானால், அதன் பெயர், அது நின்ற இடம். வண்டை அதன் போக்கில் விடுங்கள். வந்தால் எடுங்கள், வராவிட்டால் பூவை மட்டும் எடுங்கள். இதனால் உங்கள் படத்தின் அழகு ஒரு மாற்றும் குறையாது.

வாசகர்களாகிய உங்களிடம் கேட்பது இன்னும் சிறிது. அடுத்த முறை நகைக் கடையில் கல்லைக் கையில் வாங்கும்போது, ‘இது சுத்தமாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘இதற்குள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். பிறகு, ‘இதை யார் தேய்த்தார்கள்?’ என்று கேளுங்கள். கடைக்காரர் முதல் கேள்விக்குத் திகைப்பார். இரண்டாவது கேள்விக்கு முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நூறு பேர் கேட்டால், நூற்றோராவது ஆள் வருவதற்குள் அவர் எங்கேயாவது விசாரித்துப் பதில் தெரிந்துவைத்திருப்பார்.